கட்டைவிரல் கணக்கு

இடக்கைக்காரி நான்.
வீசுவது இடக்கை, சுற்றுவது வலக்கை.
ஆக, கைப்பிடி வலப்பக்கம் இருக்கிற ரீல் வேண்டும்.
யானைக்கல் கடையில் மூன்று தடவை சொன்னேன்.
"சாருக்கா மேடம்?" என்றார் காஜா நிஜாமுதீன்,
மூன்று தடவையும்.
"எனக்கு" என்றேன்.
நாலாவதாகக் கேட்காமல் ஸ்டூல் போட்டு ஏறினார்.

ஏழடிக் கோல் மின்விசிறியில் இடித்தது.
ஐந்தரை, பிள்ளையை மிரட்டுகிற பிரம்பு.
ஆறரையில் ஒன்றை வாங்கி
முனையை மேசைக் காலில் மாட்டி இழுத்தேன்.
கால் பங்கு வளைந்தது,
அதற்குமேல் மாட்டேன் என்றது:
மாசக் கடைசியில் கைமாற்று கேட்டால்
சகாயமேரி சிஸ்டர் வளைகிற அளவு.
"ஆகாயத்தாமரைக்குள்ள இருந்து
விராலைப் பிடுங்கணும்னா
நடுமுதுகு வளையக் கூடாது மேடம்."
அதையே கட்டச் சொன்னேன்.

குவார்ட்டர்ஸ் மொட்டைமாடி, ராத்திரி.
பித்தானை அழுத்தினால் சுருள் விடுபடும்.
ரப்பர் தவளை தன் எடையில் இறங்க வேண்டும்.
விழக்கூடாது,
இறங்க வேண்டும்.
அது தரை தொட்ட அந்த நிமிஷம்
சுருளும் நிற்க வேண்டும்.
பக்கத்துத் திருகை ஒரு மயிரிழை இறுக்கி
அரை மயிரிழை தளர்த்தினேன்.
எட்டாம் வார்டில் பதினோரு வருஷம்
டிரிப் செட்டின் வெள்ளைச் சக்கரத்தை உருட்டிய விரல் இது.
நிமிஷத்துக்கு இருபது சொட்டு என்றால்
வாட்ச் பார்க்காமல் இருபது.

ஆனால் குளுக்கோஸ் பாட்டிலுக்குக்
காற்று எதிரே அடிப்பதில்லை.

பாலமேடு முதல் பஸ்.
கண்டக்டர் என் பி.வி.சி. குழாயைத் தட்டிப் பார்த்தார்.
"பிளம்பிங் வேலையாக்கா?"
"ஆமா."
எனக்கு டிக்கெட் இலவசம்,
குழாய்க்குப் பன்னிரண்டு ரூபாய்.

செங்கரட்டுக் கண்மாய். கார்த்திகைத் தண்ணீர்
மடைவரை நின்றது.
முதல் வீச்சு, நினைத்த இடத்தில் "சொத்".
இரண்டாவதில் சிறுமலைக் காற்று குறுக்கே வந்தது.
தவளை தயங்கியது.
சுருள் தயங்கவில்லை.
விரல் அழுத்தியபோது எல்லாம் முடிந்திருந்தது:
தூக்கணாங்குருவி ஒரு மாதம் கட்டுவதை
ரீல் ஒரு நொடியில் கட்டியிருந்தது.

ஃபோர்செப்ஸ் கொண்டு போயிருந்தேன்.
கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாய்.
விடிகிற நேரம், மீன் எடுக்கிற நேரம்,
குனிந்த தலை நிமிரவில்லை.
தவளை அங்கே, இலைகளின் இடுக்கில்,
யாரும் இழுக்காததால்
நிஜத் தவளை போல் சும்மா இருந்தது.

"ளப்."

சுற்ற முடியாது. விடவும் முடியாது.
நூலை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப்
பின்னாலேயே நடந்தேன்,
கருவேல முள்ளை மிதித்துக்கொண்டு.
ஆடு ஓட்டி வந்தவர் நின்று பார்த்தார்.
"ஏம்மா, இம்புட்டுச் செலவழிச்சுப்புட்டு
கையாலயா இழுக்குற?"

முழங்கை நீளம். சேற்றில் வந்து கிடந்தது.
தவளையைத் துப்பியது.
வாயைத் திறந்து ஒரு மிடறு காற்றைக் குடித்து
அவசரமே இல்லாமல், பாம்பு நெளிவாய்,
வந்த வழியே தண்ணீருக்குள் போனது.
நான் இரண்டு கையும் நூலுக்குள்.

அப்புறம் மூடியைத் திறந்து பார்த்தேன்.
ஆறு பிரேக் கட்டைகளில் இரண்டுதான் வெளியே.
வேகம் வேண்டுமென்று நானே தள்ளி வைத்தது.
நகத்தால் இன்னும் இரண்டு. கிளிக். கிளிக்.
திருகைத் தொடவில்லை. அது சரியாகத்தான் இருந்தது.

அன்றைக்கு நைட் டூட்டி.
"ஊசி குத்திருச்சா சிஸ்டர்?"
பதினாலாம் பெட்டுக்குத் துணையிருந்தவர் கேட்டார்.
"விரால்."
அவர் மேலே கேட்கவில்லை.
பிளாஸ்திரி போட்ட கட்டைவிரலால்
வெள்ளைச் சக்கரத்தை உருட்டிவிட்டு நடந்தேன்.
நாலு எட்டு போய், எதற்கோ திரும்பி வந்து
வாட்சை வைத்து எண்ணினேன்.

இருபத்து மூன்று.